பத்து அம்பியர்

தேசிய வைத்தியசாலை வாசலில் ஏறிய பெண்
கையில் ஊசி ஏற்றிய இடத்துப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள்.
கண்ணாடிக்குக் கீழே குறுக்கே தொங்கிய
என் சார்ஜர் வயரைப் பார்த்தாள்.
"அண்ணன், காருக்கும் சேலைன் ஏத்துறீங்களோ?"
தெஹிவளை வரைக்கும் சிரித்தேன்.
திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை.

பஞ்சிகாவத்தையில் ரிஸ்மி நானா
பழைய பேப்பரில் சுற்றித் தந்தார்:
ஒரு சொக்கெற், பத்து அம்பியர் பியூஸ்,
இரண்டு மீற்றர் வயர், கொஞ்சம் கட்டு நாடா.
சோதனை லைட் இரவல்.
"நாளைக்கே கொண்டு வந்துரணும், சொல்லிட்டன்."

ஞாயிறு பின்னேரம்.
கொட்டாஞ்சேனை ஃபிளாட்ஸ், கீழ்த்தளம்.
ஸ்டீயரிங்குக்குக் கீழே தலை,
கதவுக்கு வெளியே வெயிலில் கால்.
போன் டோர்ச்சைப் பல்லில் கடித்திருக்கிறேன்.
அதில் பதினொரு வீதம்தான் மிச்சம்.
எதற்காக இந்தப் பாடோ
அதன் வெளிச்சத்திலேயே பாடு.

பியூஸ் பெட்டி மூடி முழுக்க ஜப்பான் எழுத்து.
விளங்கியது ஒரேயொரு படம்:
ஒரு சிகரெட்டும் மேலே மூன்று கோடு புகையும்.
திறப்பைத் திருப்பினால் எரிய வேண்டும்,
எடுத்தால் அணைய வேண்டும்.
எரிந்தது. அணைந்தது.
நான் படுக்கும்போது தானும் படுக்கிற வழி
இந்தக் காரில் இருக்கத்தான் செய்கிறது.

பற்றரியின் கறுப்பைக் கழற்றிவிட்டு
டாஷ்போர்டுக்குப் பின்னால் வயரை ஓட்டினேன்.
ஒரு பிளாஸ்டிக் கிளிப் 'டிக்' என்று உடைந்தது.
யாரும் பார்க்கவில்லை.
எர்த் கொடுக்க ஒரு போல்ட் தேடி
இடப்பக்க இழுப்பறையைக் கழற்றினேன்.

அங்கே இருந்தது அது.
நெருப்புப்பெட்டி அளவில் கறுப்பாய்.
அதன் வயர்களுக்குத் துணி ரேப் சுற்றியிருந்தது,
ஆட்டத்தில் சத்தம் வரக் கூடாதென்று.
நாலு விரலுக்கு ஒரு கட்டு.
ஒவ்வொரு கட்டின் வாலும் நகம் வெட்டினாற்போல்
ஒட்ட நறுக்கியிருந்தது.
ஒரு நிமிடம் வேலையை மட்டும் பார்த்தேன்.
யாரோ, கை தெரிந்தவன்.

பிறகு பார்த்தேன், ஓரத்தில்
லீசிங் கம்பனியின் சிறிய ஸ்டிக்கர்.

வைகாசியில் தவணை பிந்தியபோது
கோல் எடுத்த பெடியன் கேட்டான்,
"இப்ப பாணந்துறையில தானே நிக்கிறீங்க?"
பின்னால் ரயில் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.
கடல் சத்தம் என்றும்கூட.

குறடு கையிலேயே இருந்தது.
சிவப்பு வயர், பேனாக் குச்சி மொத்தம்.
இன்னும் முப்பத்தொரு தவணை.
மூன்றாம் மாடியில் யாரோ சட்டி கழுவினார்கள்,
அது முடியும்வரை அப்படியே கிடந்தேன்.
டோர்ச் நாலு வீதத்துக்கு வந்திருந்தது.

காரில் எர்த் என்றால் மண் இல்லை.
நாலு ரப்பர் சக்கரத்தில் மண்ணைத் தொடாமல் ஓடுவது அது.
அதற்கு அதன் உடம்புதான் மண்.
அந்த உடம்பிலும் பெயின்ற் சுரண்டி
வெள்ளையாய் மின்னிய ஒரே இடத்தை
அவன் எடுத்துவிட்டிருந்தான்.
அதே போல்ட்டைத் தளர்த்தினேன்.
அவன் கறுப்புக்கு மேலே என் கறுப்பு.
இறுக்கினேன்.
அவன் கட்டிய வயரோடு என் வயரைச் சேர்த்து
நாலு விரலுக்கு ஒன்று கட்டிக்கொண்டே போனேன்.
வால்களை ஒட்ட நறுக்கினேன்.
அவனளவு வரவில்லை. இரண்டு வால் கொஞ்சம் நீளம்.

பற்றரியை மாட்டித் திறப்பைத் திருப்பினேன்.
சொக்கெற்றில் நீல வெளிச்சம்.
போன் மூன்றிலிருந்து நாலுக்கு ஏறியது.
இழுப்பறைக்குள் குனிந்து பார்த்தேன்,
அவனுடையதும் பச்சையாய்ச் சிமிட்டியது.

மூடினேன். வெளியே ஒரு வயரும் தெரியவில்லை.
மட்டக்குளியிலிருந்து ஒரு ஹயர் வந்தது.
கை கழுவ நேரமில்லை, துடைத்துக்கொண்டு ஏறினேன்.

சந்தியில் முதல் பள்ளத்தில்
டாஷ்போர்டுக்குள் ஏதோ 'டக்' என்றது.
அந்த உடைந்த கிளிப்.
அடுத்த ஞாயிறு பார்ப்போம்.